கால் எட்டாத வண்டி

என் வீட்டுக்காரர் சொக்கநாதனைக் கோட்டுச்சேரி சாலையில் 'காது மெக்கானிக்' என்று கேட்டால்தான் தெரியும். பைக்கை ஓட்டிப் பார்க்காமலேயே, சத்தத்தை மட்டும் கேட்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. வண்டிக்காரர் கடைக்கு முன்னால் இரண்டு முறை போய்வருவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்று கேட்பார். பிறகு சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவர் ஏன் ஓட்டிப் பார்ப்பதில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அவருக்குக் கால் எட்டாது.

அவர் பிறந்தது கோட்டுச்சேரிமேட்டில், மீன்பிடிக் குடும்பத்தில். சின்னப் பிள்ளையிலிருந்தே வளர்த்தி இல்லை. படகைக் கடலுக்குள் தள்ளும்போது மற்றவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர் என்றால் இவருக்குக் கழுத்தளவு. அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று இவரை முதலிலேயே தூக்கிப் படகுக்குள் போட்டு, "நீ எஞ்சினப் பாத்துக்கடா" என்பார்களாம். எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த வேலை கைக்கு வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே கடலை விட்டுவிட்டு இங்கே கடை போட்டார். ஸ்கூட்டர், சின்ன பைக்கெல்லாம் அவரே ஓட்டிப் பார்ப்பார். மலைக்கும் வெளிமாநிலத்துக்கும் போகிற உயரமான வண்டிகள் வரத் தொடங்கிய பிறகுதான் சங்கடம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடையின் ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீசலில் செயின் கழுவுவேன். வருகிறவர்களிடம் பேச மாட்டேன். பேச வராது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் அதையும் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எதிரே டீக்கடை வைத்திருக்கும் காஜா நஜ்முதீன் தொழுகைக்குப் போயிருந்தார். சாலையில் ஆளில்லை. இவர் ஒரு பெரிய வண்டியில் ஏறி ஸ்டாண்டை எடுத்தார். நுனிவிரல்கூடத் தரையில் படவில்லை. வண்டி அப்படியே சாய்ந்து அவர் மேல் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலில் ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேறு யாரும் இல்லை, நான் இருந்தேன். அன்று மாலை வண்டிக்காரர் வந்தபோது இவர், "ஓட்டிப் பாக்க வேண்டியதில்லீங்க. சத்தமே போதும்" என்றார். வந்தவர் அசந்துபோய் நாலு பேரிடம் சொன்னார். அந்தப் பெயர் அன்று தொடங்கியது.

சென்ற ஆண்டு, அம்பகரத்தூர் ராஜ்மோகன் புதிதாக வாங்கிய பெரிய வண்டியைக் கொண்டுவந்தார். அரசு அலுவலகத்தில் வேலை. மனைவியோடு ஊர் ஊராகப் போய்வர ஆசை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள் வண்டியிலேயே இருந்தன. பின்னால் இன்னொரு பெரிய பெட்டி வைக்க ஒரு கேரியர் வேண்டும் என்றார். இவரே அளவெடுத்து, பக்கத்துக் கடை கமாலுதீனிடம் வெல்டிங் வைத்துச் செய்தார். "தங்கச்சி வசதியா ஒக்காரட்டும்" என்று ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தார். செய்து முடித்த பிறகு அந்தக் கம்பியை இரண்டு நாள் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ராஜ்மோகன் வந்து, "அண்ணே, எழுபதத் தாண்டினா வண்டி நெளியுது" என்றார். பெட்டிகளையெல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியாக வந்திருந்தார். இவர் வழக்கம்போல ஓட்டச் சொல்லிக் கேட்டார். ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் கோன் செட் தேய்ந்திருக்கும் என்று சொல்லி மாற்றினார். ராஜ்மோகன் மறுபடியும் வந்தார். இவர் முன் டயரை மாற்றச் சொன்னார். கழற்றிய கோன் செட்டை நான்தான் கழுவினேன். அதில் ஒரு கீறல் இல்லை. அதைத் துணியில் சுற்றி அவர் முன்னால் வைத்தேன். எடுத்து மேசைக்குள் போட்டுவிட்டார்.

வண்டி நெளிவது காதில் விழுகிற கோளாறு இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மூன்றாவது முறை ராஜ்மோகன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஏலகிரிக்கென்று கிளம்பியவர், தரங்கம்பாடி வரை போய்த் திரும்பியிருந்தார். மூன்று பெட்டியும் வண்டியில் இருந்தன. மனைவி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவர் மனைவி விஷ்ணுப்ரியா இறங்கி நேராக இவரிடம் வந்தாள்.

"எதிர்ல பஸ்ஸு வருதுண்ணே. வண்டி ரோட்டுக்கு நடுவுல போயி ஆடுது. நான் கண்ண மூடிக்கிட்டேன். நீங்க காதாலயே பாத்துடுவீங்கன்னு இவரு ஊரெல்லாம் சொல்றாரு. என்னத்தப் பாத்தீங்க?"

இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். "கோன கொஞ்சம் இறுக்கிப் பாப்போம்" என்றார்.

இதையும் இறுக்கி அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மறுபடி அந்த வண்டியில் ஏறுவாள். கழுவிய செயின் கையிலேயே இருந்தது. எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"ஏங்க, ஒரு தடவ நீங்க ஒக்காந்து பாருங்களேன்."

வாடிக்கையாளர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. ராஜ்மோகன் உடனே சாவியை நீட்டினார். "ஆமாண்ணே, நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

இவர் எழுந்து நின்றார். சாவியை வாங்கினார். சீட்டு அவர் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். காது மெக்கானிக் ஓட்டப்போகிறார் என்று பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். திறக்காமலும் இருக்க முடியாது என்றும் நினைத்தேன்.

"எனக்கு…" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குக் கால் எட்டாதுங்க."

ராஜ்மோகனுக்குப் புரியவில்லை. "என்னாண்ணே?"

"இந்த ஒசரத்து வண்டி எதயும் நான் ஓட்டுனதில்ல. காதால பாக்குறேன்னு சொல்றது அத மறைக்கத்தான்." சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால ஒக்காந்துக்குறேன். பெட்டி அப்படியே இருக்கட்டும்."

விஷ்ணுப்ரியா ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை.

ராஜ்மோகன் ஏறி வண்டியை நிமிர்த்திப் பிடித்தார். பின்னால் பெரிய பெட்டி, பக்கத்தில் இரண்டு பெட்டி. நடுவே காலைத் தூக்கிப் போட இவருக்கு வழியில்லை. ஒரு தடவை முயன்றார், செருப்பு பெட்டியில் இடித்தது. நான் எழுந்து, நான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் கொண்டுபோய் வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன்மேல் ஏறி அவர் உட்கார்ந்தார். முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

சாலையோரத்தில் மீன் வைத்திருந்த காசியம்மா இவருக்குச் சித்தி முறை. அவர் விடவில்லை.

"என்னடா சொக்கா, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயி விடுறாங்களா? சாப்பாட்டு டப்பா எங்கடா?"

இப்போது டீக்கடை முழுக்கச் சிரித்தது. காஜா நஜ்முதீன்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். இவருடைய பின்கழுத்து சிவந்திருந்தது. வண்டி பூவம் பக்கம் போய் மறைந்தது.

நான் மறுபடி உட்காரவில்லை. முக்காலி சாலை ஓரத்திலேயே இருந்தது. அதை எடுக்கவும் கூசியது.

திரும்பி வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினார். பின்பெட்டியின் மேல் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். முன்சக்கரம் லேசாகிவிட்டது போல ஹேண்டில் ஆடியது.

"முன்னால ஒண்ணுமே இல்லீங்க" என்றார். "கோனும் நல்லாத்தான் இருந்திச்சு. டயரும் நல்லாத்தான் இருந்திச்சு. ஓட்டிப் பாக்காம நான்தான் மாத்துனேன்."

"அப்ப எதுண்ணே?"

"கேரியரு. நான் செஞ்ச கேரியரு." அதைச் சொல்லத்தான் அவருக்கு அதிக நேரம் ஆனது. "சக்கரத்தத் தாண்டி ஒரு சாண் பின்னால தொங்குது. அதுல பாரம் ஏறுனா முன்சக்கரம் ரோட்டப் பிடிக்கல. நீங்க திருப்புறப்ப வண்டி திரும்பிடுது, பெட்டி ஒரு நொடி கழிச்சுத் திரும்புது. யாரோ பின்னாலேருந்து என் சட்டயப் புடிச்சு இந்தாண்டயும் அந்தாண்டயும் இழுக்குற மாதிரி இருந்திச்சு. அவங்க பயந்ததுல தப்பே இல்ல."

பின்பெட்டியைத் திறந்தார்கள். அடுப்பு, சின்ன குக்கர், தண்ணீர் கேன், டூல்ஸ் பை, எல்லாம் அதற்குள்தான். சாலையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தபோது விஷ்ணுப்ரியா, "இந்தக் குக்கர நான்தான் கொண்டுவரணும்னு நின்னேன்" என்றாள். குரலில் பழைய சூடு இல்லை.

கமாலுதீன் வந்து கேரியரை அறுத்தார். இரண்டு நாள் துடைத்துப் பார்த்த கம்பி கீழே விழுந்தது. பெட்டி சீட்டை ஒட்டி வருகிற மாதிரி முன்னால் இழுத்து மறுபடி வெல்டிங் வைத்தார்கள். "ஒக்கார எடம் கொறயும்மா" என்றார் இவர். "பரவால்லண்ணே, முழுசா போய்ச் சேந்தா போதும்" என்றாள் அவள். கனமானதையெல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில் இரண்டு பக்கமும் சமமாக வைத்தார். பின்பெட்டிக்குத் துணிமணி மட்டும். பின் ஸ்பிரிங்கை இறுக்கினார். இரண்டு ஆளும் சாமானும் ஏறும்போது வைக்க வேண்டிய காற்றைப் பின்சக்கரத்தில் வைத்தார். இவ்வளவு நாள் ஒற்றை ஆளுக்கான காற்றுதான் இருந்தது. அதையும் இவர் கேட்டதில்லை.

வேலை முடிந்தது. ராஜ்மோகன் மனைவியைப் பார்த்தார். அவள் ஏறவில்லை.

"அண்ணன் இன்னொரு தடவ ஒக்காந்து பாத்துட்டு வரட்டும். அப்புறம் ஏறுறேன்."

டீக்கடையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். காசியம்மாவின் கூடையில் இன்னும் மீன் இருந்தது. இவர் சாலையோரம் போய் முக்காலியை எடுத்தார். தானே வண்டிக்குப் பக்கத்தில் வைத்து ஏறினார். "பள்ளிக்கூடம் விட்டுட்டாங்களாடா?" என்றது காசியம்மாவின் குரல். "இன்னம் ஒரு பீரியடு இருக்கு சித்தி" என்றார் இவர். அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றார், வரவில்லை.

வந்ததும், "எம்பது வரைக்கும் போனோம். நேரா போவுது" என்றார். மேசையிலிருந்து பழைய கோன் செட்டை எடுத்து, துணியோடு ராஜ்மோகன் கையில் வைத்தார். "இது நல்ல சாமான். நான் ஒங்களுக்குச் செஞ்சது தப்பு." ராஜ்மோகன் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். விஷ்ணுப்ரியா ஏறி உட்கார்ந்தாள். போனார்கள். ஏலகிரியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். இவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

இப்போதும் பெரிய வண்டிகள் வருகின்றன. பழைய பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். "காதாலயே பாத்துடுவீங்களாமே" என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் 'எனக்குக் கால் எட்டாதுங்க' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

அவர் செருமும் சத்தம் கேட்டதும் நான் எழுந்து, அவர் எடுத்துக்கொள்ள முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு, ஏதாவது எடுக்கப் போவது போலக் கடைக்குள் போய்விடுவேன்.