ஒரே செக்கனில் முன்னும் பின்னும்

வோபர்ன் பகுதித் தமிழரில் ஷாமிலாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் நேரத்துக்கு வந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பூசைக்குப் போனால் பிரசங்கம் முடிந்திருக்கும், கலியாணவீட்டுக்குப் போனால் பந்தி முடிந்திருக்கும். "இந்தா, வெளிக்கிட்டிட்டன்" என்று போனில் சொல்லும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து நகரான மார்க்கத்தில் மென்பொருள் வேலை. மருந்துப் போத்தல்களில் ஒட்டும் தமிழ் லேபல்கள் அவர் பொறுப்பு.

ஒருநாள் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையைக் கண்டார். சாப்பாட்டுக்குப் பின் போடவேண்டிய சீனி வருத்தக் குளிசைக்கு "முன்" என்று இருந்தது. வெறும் வயிற்றில் போட்டால் தலைசுற்றி விழவேண்டியதுதான். லேபல் கோப்பை மென்பொருளில் ஏற்றி, சொல்லை மாற்றிச் சேமிப்பதெல்லாம் ஒரே கட்டளையில் கண்மூடித் திறக்குமுன் முடிந்தது. ஆனால் மாதிரி லேபல் அச்சாகி வந்தபோது, அதிலே "முன்" அப்படியே இருந்தது!

"அக்கா, சேவ் பண்ண மறந்திட்டீங்கள் போல. இற்ஸ் ஓகே," என்றான் பக்கத்து மேசைப் பிரவீனன். இந்த வெளிநாட்டிலேயே பிறந்தவன், தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது.

மற்றவர்களும் நம்பிவிட்டார்கள். பிந்தி வருகிறவள் மறக்கவும் செய்வாள்தானே! ஷாமிலாவுக்கு நெஞ்சு சுட்டது.

"நான் மாத்தினனான். என்ர கண்ணால பார்த்தனான்."

லேபல்கள் அன்று பின்னேரமே மருந்துக்கடைகளுக்குப் போகவிருந்தன. கோப்புகளின் பதிப்புகளைக் காத்து அச்சுக்கு அனுப்பும் மென்பொருளை அவர் குடையத் தொடங்கினார். அந்தச் சோம்பேறி மென்பொருள் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. அளவும் கடைசியாக மாறிய நேரமும் பழையபடி இருந்தால் 'மாற்றமில்லை' என்று விட்டுவிடும். முன், பின் இரண்டும் கணினிக்கு ஒரே அளவு. நேரத்தையோ அது செக்கன் வரைதான் எழுதிவைத்தது. கோப்பை ஏற்றியதும் சொல்லை மாற்றியதும் ஒரே செக்கனுக்குள் நடந்திருந்தன.

கோப்பு கிடந்த கணினி வட்டு அப்படியல்ல. அது நனோசெக்கன் வரை குறித்திருந்தது. ஒரு செக்கனை நூறு கோடியாகக் கூறுபோட்ட கணக்கு! மென்பொருள்தான் செக்கனுக்குப் பின்வரும் அந்த இலக்க வாலை வெட்டி எறிந்திருந்தது. ஷாமிலா இலக்கங்களைத் திரையில் விரித்தார். முன் முன்னே நின்றது. பின் பின்னே நின்றது. நடுவில் கோடிக்கணக்கான துண்டுகள். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் போட்டது.

"யேசுவே, ஒரு செக்கனுக்குள்ள இவ்வளவு இடம் கிடக்கே!"

வாலை வெட்டாமல் வைக்கும்படி திருத்தி மறுபடி ஓட்டினார். 'ஒரு கோப்பு மாறியுள்ளது' என்றது மென்பொருள். புதிய லேபல் வந்தது.

பிரவீனன் பழையதையும் புதியதையும் கைக்கொன்றாகப் பிடித்து மாறிமாறிப் பார்த்தான்.

"எது அக்கா சரி?"

"உது, புதுசு. சாப்பிட்டாப் பிறகு எண்டு கிடக்கு."

அவன் மற்றதை நாலாகக் கிழித்தான்.

"என்ர அப்பாவும் இந்தக் குளிசைதான் போடுறவர், அக்கா."