கிழக்கே நாற்பது அடி

பாடநூல் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புப் பார்த்தவள் மையம்மா. அது அவளுடைய பெயரில்லை. அவள் திருத்தி அனுப்பும் தாள்களில் கறுப்பைவிடச் சிவப்பு அதிகம் இருக்கும் என்று யாரோ கிண்டலாக வைத்தது. கடைசியில் மேலாளரே அப்படித்தான் கூப்பிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. இருமல் மருந்துப் புட்டியில் ஓர் ஒற்று விட்டுப் போயிருந்தால் போதும், அன்றைக்கு மருந்து வேலை செய்யாது. லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பேனாவால் திருத்திவிட்டுக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சர்க்கரை லேசாக ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பூங்காவில் நாலு நாள் நடந்து பார்த்தாள். திருத்தி முடித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னதுபோல் இருந்தது. ஐந்தாம் நாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

வீட்டில் அவளோடு இருந்தது நாத்தனார். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக வேலை பார்த்தவள். இரண்டாவது அறைக்கு அவள் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகியும், கத்தியை எந்த டிராயரில் வைப்பது என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதையும் முழுசாகப் படிக்கும் பழக்கம் நாத்தனாருக்குக் கிடையாது. அடுப்பு வாங்கினால் அதோடு வரும் கையேட்டைத்தான் முதலில் குப்பையில் போடுவாள்.

பெட்டி வேட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைக்கரைகளிலும் சிலர் சின்னப் பெட்டிகளை ஒளித்துவைப்பார்கள். எங்கே என்பதற்கு ஒரு குறிப்பு எழுதி, செல்போன் குழுவில் போடுவார்கள். பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். நடந்து போய்க் கண்டுபிடிப்பவர்கள் அந்த முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும், தங்கள் முத்திரையைப் பெட்டி நோட்டில் குத்த வேண்டும், பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்துவிட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. குழுவில் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

குறிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மையம்மாவுக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. எழுத்தைப் படித்துத்தானே கண்டுபிடிக்க வேண்டும், அதில் தன்னை விட்டால் யார் என்று நினைத்தாள். ரப்பர் அழிப்பானில் ஒரு பேனா முனையைச் செதுக்கித் தனக்கு முத்திரை செய்துகொண்டாள். நாத்தனார் ஒரு பொத்தானில் மையைத் தடவி, இதுதான் என் முத்திரை என்றாள்.

முதல் பெட்டிக்கு மையம்மா குறிப்பை மனப்பாடமே செய்துகொண்டு போனாள். ஓடைப் பாலத்திலிருந்து அடிகளை எண்ணி, திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முக்கால் மணி நேரம் புதருக்குள் குனிந்து கிடந்தாள். ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்த நாத்தனார், கையை ஊன்றிய இடத்தில் பெட்டி இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். நாலாவது பெட்டியை அவள் தும்மும்போது பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மையம்மா நாலடி முன்னாலேயே நடந்தாள். கண்டுபிடித்தாயிற்றே, பிறகு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று நாத்தனாருக்குப் புரியவில்லை.

அந்தக் குன்றுத் தொடரில் பெட்டிகளை வைத்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். பல்லை எப்படிப் பிடுங்கினாரோ தெரியாது, தமிழைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கியிருந்தார். பாறை என்று வர வேண்டிய இடத்தில் பறை. மரத்தைத் தாண்டி என்பதற்கு மரத்தைத் தண்டி. மையம்மாவால் பொறுக்க முடியவில்லை. பெட்டி நோட்டில் மற்றவர்கள் எழுதிவைத்த வரிகளையும் சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தாள். மூன்று பேர் குழுவில் புகார் சொன்னார்கள். குழுவை நடத்திய மருந்துக்கடைக்காரர் ஃபோனில் கூப்பிட்டு, எல்லாரும் சந்தோஷத்துக்காக வருகிறார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று தன்மையாகக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவள் நோட்டுகளைத் தொடவில்லை. ஆனால் பல் டாக்டரின் குறிப்பு எது வந்தாலும், முதல் வேலையாகத் தன் நோட்டில் பிழை நீக்கி அழகாக எழுதி வைத்துக்கொண்டாள். மலைக்கு எடுத்துப்போனது அந்தப் பிரதியைத்தான்.

ஏழாவது பெட்டி அவளைப் படாத பாடு படுத்தியது. அவள் நோட்டில் இருந்தது இதுதான்: குன்றின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரும்பு ஏணி. அதன் கீழ்ப்படியில் முதுகைக் கொடுத்து நில். கிழக்கை நோக்கி நாற்பது அடி நட. இரண்டு பாறைகள் ஒட்டும் இடத்தில் கையை விடு.

தொட்டி வரைக்கும் ஏறவே ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. கிழக்கே நாற்பது காலடி வைத்தால் முள்புதர் வந்தது. அடி என்றால் அளவு நாடாவின் அடியோ என்று அடுத்த முறை நாடாவோடு போனாள். நாற்பது அடியில் ஓர் எறும்புப் புற்று இருந்தது. பாறை என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை. மூன்றாவது முறை நாத்தனார் வர மறுத்துவிட்டாள். தனியாகப் போய், முள்ளில் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நாலாவது முறை சேலையை விட்டுவிட்டுத் தொளதொளவென்ற கால்சட்டை போட்டுக்கொண்டு போனாள். அப்போதும் பெட்டி இல்லை, பாதி வழியில் மழை வேறு. நனைந்த ஷூவைப் பால்கனியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கக்கூடப் போகாமல் குழுவில் எழுதினாள். குறிப்பில் நாலு சந்திப்பிழை இருக்கிறது, அடி என்பது காலடியா அளவா என்று தெளிவில்லை, சொன்ன இடத்தில் பாறையே கிடையாது, பொறுப்பில்லாமல் எழுதி வயசானவர்களை மலையேற வைப்பது சரியா என்று கேட்டிருந்தாள்.

பத்து நிமிஷத்தில் பல் டாக்டர் பதில் போட்டார். இதுவரை பதினொரு பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரே வரி.

அவள் அவருடைய எண்ணைத் தேடி எடுத்து நேராகவே கூப்பிட்டாள். அவர் அமைதியாகத்தான் பேசினார்.

"இடத்தச் சொல்லக்கூடாதுங்க. அது விதி. எழுதியிருக்கிறத அப்படியே படிங்க, கிடைக்கும்."

"படிக்கிறதுதாங்க என் தொழிலே. முப்பத்தொரு வருஷம் அதத்தான் செஞ்சேன்."

"அப்ப உங்களுக்கு நான் என்ன சொல்லித் தர்றது" என்று அவர் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொழுதுபோக்கு என்று சேர்ந்தது இப்படி உயிரை வாங்குகிறதே என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. விட்டுவிடலாம் என்று ஷூவைப் பரண்மேல் போட்டாள். மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். அவள் ஸ்டூலில் நிற்பதைப் பார்த்த நாத்தனார் தானும் தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள்.

ஐந்தாவது முறை. காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. தொட்டிக்கு வந்து சேர்ந்ததும் மையம்மா கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் ஒரு பக்கத்துக் காதுக்கம்பி கழன்று, திருகாணி புல்லுக்குள் விழுந்துவிட்டது. இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை, நோட்டில் எழுத்து தெரியவில்லை. அவள் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும்போல இருந்தது.

"நீயாவது படிச்சுச் சொல்லேன்" என்றாள்.

நோட்டில் இருக்கும் பொடி எழுத்து தனக்கும் தெரியாது என்று நாத்தனார் தன் செல்போனை எடுத்துக் குழுவில் இருந்த குறிப்பைப் பெரிதாக்கினாள். அதை அவள் படிப்பது அதுவே முதல் தடவை. பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். தொட்டி, ஏணி, கீழ்ப்படி எல்லாம் சரியாக வந்தது.

"கிழவனை நோக்கி நாற்பது அடி நட."

"கிழக்கை நோக்கி."

"இல்ல அண்ணி. கிழவனைன்னு போட்டிருக்கு."

"அது அந்த ஆளு தப்பா அடிச்சது. கிழக்கைன்னு படி."

"தப்பு ஒண்ணும் இல்ல. அதோ உக்காந்திருக்காரே."

நாத்தனார் காட்டிய பக்கம் கிழக்கு இல்லை, தென்மேற்கு. கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு மையம்மா பார்த்தாள். எதிர்ச் சரிவில் ஒரு பெரிய பாறை. சரிந்த நெற்றி, கொக்கிபோல் வளைந்த மூக்கு, பல்லில்லாமல் உள்ளே போன வாய், முகவாய்க்குக் கீழே தாடிபோல் காய்ந்த புல். பார்த்த பிறகு அதைக் கிழவன் அல்லாமல் வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. ஏணியில் முதுகைக் கொடுத்து நின்றால் நேர் எதிரே தெரியும்படி இருந்தது. நாலு தடவையும் அவள் நின்ற உடனே திசைகாட்டியைப் பார்த்து இந்தப் பக்கம் முதுகைத் திருப்பியிருக்கிறாள்.

நாத்தனார் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் சிரிக்கவில்லை. "விடு அண்ணி, வெயில்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் மையம்மாவுக்கு நெஞ்சில் தைத்தது. அச்சில் என்ன இருக்கிறதோ அதைப் பார், என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறாயோ அதைப் பார்க்காதே என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொடுத்தது. எழுதியவர் சரியாக எழுதிய ஒரே சொல்லை அவள் அடித்துத் திருத்தியிருந்தாள்.

கிழவனை நோக்கி நாற்பது காலடி வைத்தார்கள். முப்பத்தாறிலேயே இரண்டு பாறை ஒட்டிக்கொண்டு நின்றன. இடுக்கில் கையை விட்டது மையம்மா. பெட்டி விரலில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் மூடி விரிசல் விட்டு, உள்ளே பாதிக்குத் தண்ணீர் நின்றது. நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. அந்தப் பதினொரு பேரின் முத்திரைகளும் ஒரே ஊதாக் கறையாகப் பரவியிருந்தன. தன் பேனா முனையை எங்கே குத்துவது என்று தெரியாமல் மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி முத்திரை மட்டும் நன்றாக இருந்தது: வேரோடு ஒரு கடைவாய்ப்பல். அதைத் தன் நோட்டில் அழுத்திக் குத்தினாள். ஓரம் சரியாக விழவில்லை.

அன்று மாலை பல் டாக்டரைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டும் நாக்கு புரளவில்லை. தப்பு என்னுடையது, குழுவில் அப்படி எழுதியிருக்கக்கூடாது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கா?"

"நோட்டு போச்சுங்க. ஒரு பக்கம்கூட மிஞ்சல."

 முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதமாகிறது, தன்னால் இனி அவ்வளவு உயரம் ஏற முடியாது என்றார். "நீங்களே ஒரு புதுப் பெட்டி வச்சிட முடியுமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சரி என்று வந்துவிட்டது. ஃபோனை வைத்ததும் தன்மேலேயே கோபம். ஐந்து தடவை ஏறியது போதாதா என்று நாத்தனாரிடம் புலம்பினாள். யார் சரி சொல்லச் சொன்னது என்று நாத்தனார் கேட்டாள்.

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, தடித்த அட்டை நோட்டு, பிளாஸ்டிக் உறை எல்லாம் வாங்கிக்கொண்டு ஆறாவது முறை போனபோது, தொட்டியைக் கழுவுகிறார்கள் என்று அடிவாரக் கதவைப் பூட்டியிருந்தார்கள். என்றைக்குத் திறப்பார்கள் என்று காவலுக்கு நின்றவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் நாத்தனாருக்குக் காய்ச்சல். புது நோட்டு சாப்பாட்டு மேஜையில் கிடந்து, அதன்மேல் காபி டம்ளர் வைத்த வட்டம் விழுந்தது.

ஏழாவது முறை கதவு திறந்திருந்தது. இடுக்கில் டப்பாவை வைப்பதற்கு முன் மையம்மா பாறையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் தன் முத்திரையைக் குத்த மனம் வரவில்லை. இதற்கு முன் பதினொரு பேர் வந்துபோனார்கள், அவர்களுடைய நோட்டு மழையில் போய்விட்டது என்று எழுதித் தேதி போட்டாள். இரண்டாம் பக்கத்தில் பேனா முனையைக் குத்தினாள். நாத்தனார் பக்கத்தில் பொத்தானை வைத்து அழுத்தினாள். காற்று பலமாக அடித்து, மை காய்வதற்குள் பக்கம் புரண்டு, இரண்டு முத்திரையும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. மையம்மா வாய்விட்டுத் திட்டினாள்.

இறங்கும்போது மையம்மாவுக்கு இடது கால் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. உனக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை என்றால் நிறுத்திவிடலாமே என்று நாத்தனார் கேட்டாள். பிடிக்கவில்லை என்று யார் சொன்னது என்று மையம்மா சிடுசிடுத்தாள். மையம்மா நொண்டிக்கொண்டு, இருவரும் சாலைக்கு வரும்போது பேருந்து கிளம்பிவிட்டிருந்தது. அடுத்தது நாற்பது நிமிஷம் கழித்துத்தான் என்று நாத்தனார் கணக்காகச் சொன்னாள். அது ஐம்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது. நிற்கத்தான் இடம் இருந்தது. ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நின்றபடியே வந்தார்கள்.