கழற்றாத பை

என் வலது பெருவிரல் என்னோடு கதையை நிறுத்தியதை ஊசிதான் காட்டிக்கொடுத்தது. பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு நாலு துளைத் தெறி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறி நிற்கிறது, வெள்ளைத் துணியில் இரத்தம் பொட்டு வைக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புதுக்குடியிருப்பில் விரலை நம்பிக் கடை வைத்திருக்கிற தையற்காரன் நான். மூளையை நம்ப வேண்டாம் என்று மனுசி முன்னமே சொல்லியிருந்தாள்.

பிறகு கழுத்திலிருந்து விரல்வரைக்கும் கரண்ட் அடித்தது. மாரடைப்புத்தான் என்று முடிவெடுத்து, உருக்கமாகக் கடைசி வார்த்தை பேசத் தொடங்கினேன்.

"மாரடைப்பு இடப்பக்கமாம். உங்களுக்கு அதுகும் ஒழுங்கா வராது," என்றபடி மனுசி நொச்சியிலை ஒத்தணம் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நோவுக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ் என்னைக் கதிரையில் இருத்தினா. தலையை வலப்பக்கம் சரித்து உச்சியில் மெல்ல அமத்தினா. பெருவிரல்வரை மின்னியது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டா. சின்னவிரலுக்குத் தெரிந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் செத்த பிணம்.

"கழுத்தில நரம்பு நெரிபடுது, ஐயா. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை. இப்பிடியே விட்டா கத்தரிக்கோல் பிடிக்க ஏலாமப் போயிடும். முதல்ல அந்தப் பையைக் கழட்டுங்கோ."

அப்போதுதான் பார்த்தேன். சட்டையைக் கழற்றியிருந்தேன். பை மட்டும் திரும்பவும் வலது தோளில் ஏறியிருந்தது.

சண்டைக்குப் பயந்து ஊரூராய் ஓடித்திரிந்த காலத்துப் பை அது. காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள். சண்டை முடிந்தும் அது மெலியவில்லை. காணாமற்போன தம்பியைத் தேடி எழுதிய மனுக்களின் பிரதிகளால் வருசா வருசம் பெருத்தது. ஒட்டுசுட்டானில் நடந்த கல்யாணமொன்றின் படத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நான் தபால்காரன் மாதிரி நிற்கிறேன்.

மிஸ் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தா. "எவ்வளவு காலமா?"

"நீங்கள் பள்ளிக்கூடம் போகேக்க இருந்து."

சுடுதண்ணி ஒத்தணம், மெசின் மேசையை உயர்த்துவது, வாய்க்குக் கீழே நாடியைக் கழுத்துப்பக்கம் உள்ளே இழுக்கும் பயிற்சி. ஒன்றரை மாசம், ஆறு கிழமைக்குப் பை கூடாது. நாடியை இழுத்தால் நான் பயந்த கோழி. கடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா அதைக் கண்டு, தையற்கூலியைக் கேட்காமலே திரும்பிப் போனா.

சொன்னதெல்லாம் செய்தேன். பையை மட்டும் இடது தோளுக்கு மாற்றினேன். இரண்டு கிழமையில் மிஸ் பிடித்துவிட்டா.

"ஐயா, தோள் ரெண்டு. கழுத்து ஒண்டுதான்."

அன்றைக்குப் பையை அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்தநாள் கடைக்கு நடக்கையில் பாரமில்லாத தோள் தானாகவே உயர்ந்து நின்றது. மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. கடையில் மெசினை நிறுத்தினால் போதும், "அண்ணை" என்று பின்னாலிருந்து கேட்டது. அதனால் நிறுத்தாமல் தைத்தேன். அந்தக் கிழமை ஒருவருடைய காற்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்தே தைத்துவிட்டேன்.

பையை என் தோளில் கொழுவிவிட்டது தம்பி. தண்ணி எடுக்கப் போகமுன்னம், "கழட்டிப்போடாத அண்ணை, இப்ப வாறன்," என்றான். இதை நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. கழுத்து, தோள், விரல் என்று அவா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

ஆறாம் கிழமை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். "இப்ப?" என்றா மிஸ்.

"பஞ்சு. பெருவிரலில."

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தேன். பையின் பட்டி ஓரிடத்தில் அறுந்தபோது, தம்பி அதை வேறு நிற நூலால் அவசரமாகத் தைத்திருந்தான். தையற்காரனின் தம்பிக்குத் தையல் வராது. கோணல் தையலின் ஒவ்வொரு முடிச்சும் பெருவிரலுக்குத் தெரிந்தது.

குசினி அடுப்படியிலிருந்து மனுசி கூப்பிட்டாள். "அலுமாரிச் சத்தம் கேட்டது. கொழுவிப்போடாதேங்கோ!"

"இல்லையப்பா. சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."