கன்னியம்மாவின் தேதி

பழவேற்காட்டில் நான் பாட்டு டீச்சர். இசையுலகில் அன்றைய தேதியில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள் பெயரைத் தினமும் பள்ளி வாசல் கரும்பலகையில் எழுதுவேன். ஒருநாள், ஏரியில் கையால் இறால் பிடிக்கும் செங்கேனி ஈரப் புடவையோடு வந்து நின்றாள்.

"எங்க அக்கா கன்னியம்மா செத்து இன்னியோட ஒரு வருசம். இறால் கூடையைப் பல்லுல கடிச்சிக்கினு, தொண்டைக்குள்ளயே ராகம் இழுப்பா. அது கேட்டா எங்களுக்குக் குளிரே தெரியாது. அவ பேரையும் எழுது டீச்சரம்மா."

"பட்டியல்ல இருக்கறவங்களைத்தாம்மா எழுதுவேன்."

"பட்டியல் யாரு போட்டது?"

"நான்தான்." சொன்னதுமே கூசிப்போனேன்.

"அப்போ எழுது."

எழுதினேன்.

"யாரும்மா இந்தக் கன்னியம்மா? அழிச்சிடுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"பாடகி சார். அழிக்க மாட்டேன்."

வருஷாவருஷம் அந்தத் தேதியில் முதல் வரி அவள்தான்.