எல்லாரும் மேல வந்துட்டாங்களா?

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஜெர்மனியில் எங்கள் ஆபீஸில் வேலைக்கு நிறம் உண்டு. முடிந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நாசமாய்ப் போனால் சிவப்பு. கம்பெனி முழுக்க, கம்ப்யூட்டரில் இப்படி நிறம் காட்டும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை வாங்கலாமா என்று வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். வெள்ளோட்டம் முடியும் அன்றுதான் என் வேலை நிரந்தரமா இல்லையா என்பதும் முடிவாகும். அதில் என் வேலைக்கான கட்டமோ எப்போதும் சிவப்பு.

"மெஷின் வேலை முடிந்ததா?" என்றார் மேனேஜர் பிரிகிட்டே.

"முடிந்தது."

"பிறகு ஏன் சிவப்பு?"

"மார்க்குஸ் இன்னும் வந்து சேரவில்லையே."

மார்க்குஸ் எங்கள் மெஷின்களை வெளியூர் ஆலைகளில் பொருத்திவிட்டு வேனில் திரும்புகிறவன். "அவனுக்கு வழி தெரியும்," என்றார் பிரிகிட்டே, ஏதோ அவன் தொலைந்துபோவான் என்று நான் பயப்படுவதுபோல.

கோலார் தங்கவயலில் என் நைனா சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டின் இன்ஜினை ஓட்டியவர். பாறை உடைத்தாயிற்று, கணக்கு சரி, சூப்பர்வைசரே வீட்டுக்குப் போயாயிற்று. ஆனாலும் கீழ் லெவலில் ஒரு ஆள் மிச்சமிருந்தால் நைனாவுக்கு ஷிப்ட் முடியாது. ஆண்டர்சன்பேட்டை வீட்டில் சோறு ஆறும், அம்மா திட்டுவாள். "எல்லாரும் மேல வந்துட்டாங்க" என்று அவர் வந்து சொன்ன பிறகுதான் தட்டு வைப்பாள். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும், ராபர்ட்சன்பேட்டையில் கறி வாங்கித் திரும்பினாலும் எங்கள் வீட்டில் "மேல வந்துட்டேன்"தான்.

சிஸ்டத்தைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. ஒரே பாகத்தை இரண்டு ஊர்களில் இரண்டு குழுக்கள் வரைந்துகொண்டிருந்ததை வந்த வாரமே காட்டிக்கொடுத்தது. இல்லாவிட்டால் இன்னும் வரைந்துகொண்டிருப்பார்கள், மகராசர்கள். ஆனால் லைசென்ஸ், பயிற்சி, பயிற்சி கொடுக்க வந்தவருக்கு ஓட்டல், சிஸ்டத்துக்கு விவரத் தீனி போட எங்கள் வெள்ளிக்கிழமை மத்தியானங்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகிறது. "எல்லாரும் திரும்பியாச்சு" என்று ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். விற்க வந்தவர் முகம் மலர்ந்தது. அதற்குத் தனிக் கட்டணமாம். அடப்பாவி! எங்கள் நைனா அதை ஓசியிலேயே செய்தார்.

நேற்று வெள்ளோட்டத்தின் கடைசி நாள். வெளியே பனி கொட்டியது. "பச்சை போடு, உன் நிரந்தர ஆர்டரில் நான் கையெழுத்துப் போடுகிறேன்," என்றார் பிரிகிட்டே. நல்ல மனுஷி, கெஞ்சாத குறை. மார்க்குஸ் போனை எடுக்கவில்லை. பச்சை போட்டேன். வேலை நிரந்தரமாயிற்று. மறுபடியும் மார்க்குஸுக்குப் போன் அடித்துப் பார்த்தேன்.

ஆறாவது மாடியிலிருந்து லிப்டில் இறங்கித் தெருவுக்கு வந்தேன். நைனாவின் போன்.

"இன்னாடா, மேல வந்துட்டியா?"

"வந்துட்டேன் நைனா."

"எல்லாருமா?"

வேன் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது.

"கொஞ்சம் இரு நைனா," என்றேன். அவர் போனை வைக்கவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் அவரும் இங்கே பனியில் நானுமாக, மார்க்குஸின் வேனுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.