முகம் அசையும் மூன்று நிமிடம்

மனைவியோடு பேசுவதற்கு முன் வின்சன்ட் போனில் இணைய வேகம் அளக்கும் ஸ்பீட் டெஸ்ட்டைத் தட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். முள் சரசரவென்று ஏறுகிறது. உச்சியைத் தொட்டதும், "வந்திருச்சு, வந்திருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைப்பிரஸுக்குக் கோல் எடுக்கிறார். அங்கே ஒரு முதியவரைப் பராமரிக்கும் பெற்றீசியாவின் முகம் பளிச்சென்று வருகிறது. மூன்று நிமிடம். அதற்குமேல் ஒரு வினாடி கிடையாது.

கண்டி மலையில், ஹுன்னஸ்கிரியப் பக்கம் டிவி டிஷ் பூட்டுகிற வின்சன்ட் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஐம்பத்திரண்டு வயதிலும் தகரக் கூரையில் பூனை மாதிரி நடப்பார். மேலிருந்து "படம் தெரியுதா?" என்று கத்துவார். வீட்டுக்காரர் "தெரியுது, தெரியுது" என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். இறங்கி வந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் தேத்தண்ணீரில் வாய் வைப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் சொந்தப் போனிடம்தான் தோற்றுப்போனார். படம் ஓடும், பாட்டு ஓடும். கம்பனி பக்கேஜ் போட்டு விற்கிறதெல்லாம் ஜாம் ஜாமென்று ஓடும். வீடியோ கோல் எடுத்தால் மட்டும் முகம் உறைந்துவிடும். ஒருநாள் தற்செயலாக, ஸ்பீட் டெஸ்ட் போட்ட கையோடு அழைத்தார். கோல் தெளிந்த நீராக வந்தது.

"யாரோ செக் பண்ண வந்துட்டாங்கன்னு லைன் நெனைச்சிக்கிது போல. மூணு நிமிஷம் ஒழுங்கா நிக்குது. அப்புறம் ஆளு போயிட்டான்னு தெரிஞ்சிக்கிது. எப்படிங்க தெரிஞ்சிக்கிது? எனக்கு அதுதான் பயம்."

பயம் சும்மா இல்லை. மூடுபனி இறங்கும் மாலை ஆறு மணிக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளைக் கடந்து நடந்து பாருங்கள். ஜன்னலுக்கு ஒரு போன். போனுக்குள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒரு பெண். ஒருத்தி பாதி இமை மூடியபடி, ஒருத்தி வாய் திறந்தபடி, அப்படியே உறைந்திருப்பாள். முகம் அசையாது; குரல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவர்களும் அந்த அசையாத முகத்துக்குத் தலையாட்டிப் பதில் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டு வீரையாவின் மகளும் ஒவ்வொரு கோலிலும் ஒரு சிரிப்போடு உறைந்துபோவாள். "நல்லாயிருக்கேன்ப்பா" என்று குரல் சொல்லும். ஆறு வாரம் அப்படித்தான் போனது. பிறகு ஒருநாள் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினாள். வேலை செய்த வீட்டின் மாடியிலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து, படுக்கையில் கிடந்தபடியே பேசியிருக்கிறாள். மூன்று நிமிட வித்தை வின்சன்ட்டுக்கு அப்போதே தெரியும். எல்லாரும் தட்டத் தொடங்கினால் கம்பனி விழித்துக்கொள்ளும் என்று பயந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

"பாவி நான், மூச்சு விடல" என்பார், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கோலோ படமோ, எதுவானாலும் இணையக் கம்பனிகள் ஒரே மாதிரி அனுப்ப வேண்டும். ஒன்றை ஓடவிட்டு இன்னொன்றை வேண்டுமென்றே இழுத்துப் பிடிக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் வேண்டுமா என்று ஓர் அரசாங்கக் குழு கண்டியில் கூட்டம் வைத்து மக்களிடம் கேட்டது. முறைப்பாடுகளைத் திரட்டிய சட்டத்தரணி றமீலா வின்சன்ட்டிடம் எதையும் மறைக்கவில்லை.

"அண்ணன், நீங்க இந்த மூணு நிமிஷ வித்தையைக் கூட்டத்துல காட்டினா கம்பனிக்காரங்க மொதல்ல இந்த ஓட்டையைத்தான் அடைப்பாங்க. சட்டம் பொறகுதான் வரும். வராமலும் போகலாம். நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சிட்டேன் மிஸ். நான் ஒருத்தன் மட்டும் பொஞ்சாதி மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தா சரியா?"

கூட்டத்தன்று இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்து நின்றார். போனைப் பெரிய திரையில் இணைத்தார்கள். முள் ஏறியது. பெற்றீசியா வந்தாள்.

"என்னங்க, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க! யார் வீட்டுக் கலியாணம்?"

மண்டபமே சிரித்தது. வின்சன்ட் சிரிக்கவில்லை. கண், கன்னம், கழுத்து என்று அவளைத் துளித்துளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இப்படிப் பார்க்கக் கிடைக்காது என்று அந்த மண்டபத்தில் அவருக்கும் றமீலாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது நிமிடம் முடிந்தது. சுவர் நிறைய இருந்த அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. சற்றுக் கழித்து, அசையாத உதடுகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கேக்குதா? நான் நல்லாத்தான் இருக்கேன். ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

முன்வரிசையில் ஒருவர் திரையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் மிஸ்டர் வின்சன்ட், விளங்கிட்டு. கோலைக் கட் பண்ணுங்க" என்றார் குழுத்தலைவர்.

வின்சன்ட் கட் பண்ணவில்லை. போனை முகத்தருகே கொண்டுவந்து, உறைந்திருந்த அந்த நெற்றியில் பெருவிரலால், வழியனுப்புகிறவர் போல, மெதுவாக ஒரு சிலுவை வரைந்தார்.