தமிழ்ல பேசாதீங்க மேடம்

எதிர்முனையில் மணி அடிக்கும்போதே அபயாம்பாள் கண்ணை மூடிக்கொள்வார். "ஹலோ" வந்ததும் அதற்குப் பின்னால் கேட்கும் சத்தத்தைப் பிடித்துக்கொள்வார். நாய் குரைத்தால் சின்ன நாயா, பெரிய நாயா? தண்ணீர் ஓடினால் பாத்திரம் கழுவுகிறார்களா, குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்களா?

அமெரிக்காவில், டெக்சாஸின் ஒரு மாவட்டக் கோர்ட்டின் வசூல் பிரிவில் வேலை. குற்ற வழக்கில் மாட்டி, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குக் கோர்ட்டே வக்கீலைக் கொடுக்கும். வழக்கு முடிந்தபின் அந்தச் செலவில் ஒரு பங்கை அவர்கள் தவணையாகக் கட்ட வேண்டும். கட்டாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது அபயாம்பாள். "நான் என்ன ஈட்டிக்காரியா? இந்த மாசம் எவ்ளோ முடியும்னுதானே கேக்கறேன்" என்பார் வீட்டில். இத்தனை பேரில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே என்பது அவருடைய தீராத குறை.

போன வருடம் திரையில் கருப்பசாமி என்ற பெயரைக் கண்டதும் ஆசையாகத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். "தமிழா நீங்க? பயப்படாதீங்க, திட்டறதுக்குக் கூப்பிடல."

மறுமுனையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. அதன் நடுவே தணிந்த குரலில், "மேடம், தமிழ்ல பேசாதீங்க. இங்கிலீஷ்லயே கேளுங்க. கேஸ் விஷயம் நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

அபயாம்பாளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவரிடம் இங்கிலீஷ்தான்.

பக்கத்து ஊரான பேர்லேண்டின் கோயில் கேன்டீனில் ஒரு ஞாயிறு, கருப்பசாமியின் அதே குரல் "அடுத்து யாரு, வாங்க வாங்க!" என்றது. குரலை வைத்து ஒடிசலான ஆளாக நினைத்து வைத்திருந்தார் அபயாம்பாள். கவுண்டரில் நின்றவரோ தொப்பையும் சந்தனப் பொட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பேசினால் குரலை அவரும் கண்டுபிடித்து, கேஸ் வெளியே வந்துவிடுமோ என்று பயந்துவிடுவார். வேறு வரிசைக்குப் போகலாம். பார்க்கும் ஆவல் விடவில்லை.

அதனால் ஞாயிறுதோறும் அந்த வரிசையில்தான் நிற்கிறார், வாயைத் திறக்காமல். காரில் கூட வரும் பக்கத்து வீட்டு விஷாகாவுக்கு ஒன்றும் புரிவதில்லை. "என்ன ஆன்ட்டி, ஃப்ரீவே முழுக்க நான்-ஸ்டாப்பா பேசறீங்க, இங்க வந்தா மியூட் பண்ணிக்கறீங்க?"

போன வாரம் "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டார் கருப்பசாமி. அபயாம்பாள் விலைப்பலகையில் புளியோதரையைத் தொட்டுக் காட்டினார்.

"பேச்சு வராது போல, பாவம்." தட்டின் ஓரத்தில் கூடுதலாக ஒரு வடை விழுந்தது.

"அய்யோ அங்கிள், இவங்களா? இவங்க..." என்று விஷாகா சிரிக்கத் தொடங்கினாள். அபயாம்பாள் அந்த வடையை எடுத்து, சூடு ஆறும் முன்னே, அவள் வாயில் திணித்தார்.